பரிமள கைங்கரியம்: நறுமணப் பொருள்களின் வகையும் தகுதியும்

ஆகாயத்துக்கு ஒலியும், காற்றுக்கு ஊறும், தீக்கு உருவமும், நீருக்குச் சுவையும், நிலத்துக்கு மணமும் சிறப்புக் குணங்கள் என்பது ஆன்றோர் துணிபு. அம்மணத்தை நன்மணம், தீமணம் என இரண்டாகப் பகுத்தனர் நியாய நூலார். நிலத்தில் விளங்கும் தூய மணம் தானே என்று கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் அருளிச்செய்தான். பரம்பொருள் எல்லா மணமும் உடையவன் என்று சாந்தோக்ய உபநிஷத்து ஓதுகிறது. இவ்வாறு மணங்களுக்கெல்லாம் உறைவிடமாகிய எம்பெருமானுக்கு அடியார்கள் மணப்பொருள்களைக் கொண்டுசென்று ஸமர்ப்பிப்பது, கடலுக்குக் கைந்நீர் வார்ப்பதை ஒக்கும். ஆயினும் அவன் அதனை உகந்து ஏற்கிறான். பதினாறு உபசாரங்களுள் கந்தம், புஷ்பம், தூபம் என மூன்று, மணத்தைப் பற்றியே அமைந்திருப்பது இதற்குச் சான்றாகும்.

வடமதுரை வீதியில் கம்ஸனுக்கென்று சாந்து கூட்டிச் சென்ற கூனியிடம் கண்ணன் தானே வாய்திறந்து அச்சாந்தினை வேண்டினான் என்று ஸ்ரீபாகவதம் கூறுகிறது. அவளும் அன்புடன் அளித்தாள். அவன் அதனைத் திருமேனியிற் பூசிக்கொண்டு அவளது கூனை நிமிர்த்தருளினான். எல்லா மணமும் உடையவன் ஓர் எளியவளின் கையிலிருந்த சந்தனத்தை விரும்பினான் என்பதே பரிமள கைங்கரியத்துக்கு மூலமாக நிற்பது.

ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் ஏழாம் பதிகத்தில் வெண்சங்கை அழைத்து ஒரு வினா எழுப்புகிறாள். கண்ணனுடைய திருப்பவளத்தில் கமழ்வது கற்பூரத்தின் மணமோ, தாமரையின் மணமோ என்பது அவ்வினா. சங்கு விடை பகரவில்லை. எனினும் வினாவிலேயே ஒரு நுட்பம் உண்டு. ஒன்று மரத்தின் உள்ளே விளைவது. மற்றொன்று நீரில் மலர்வது. ஒன்று குளிர்ந்து விரைந்து பரவுவது. மற்றொன்று மெல்லெனத் தோன்றி மறைவது. மணங்கள் ஒன்றோடொன்று வேறுபட்டவை என்பதனையும், அவ்வேறுபாட்டை அறிந்து வினவத்தக்கது என்பதனையும் நாச்சியாரின் திருவாக்கு உணர்த்துகிறது.

அவ்வேறுபாட்டை அறிதல் இக்காலத்தில் முன்னினும் இன்றியமையாதது. ஒரே பெயரால் பல பொருள்கள் அங்காடியில் விற்கப்படுகின்றன. முன்னோர் எளிதில் பெற்ற சில பொருள்கள் இன்று அருகிவிட்டன; சிலவற்றைப் பெறுதலே சட்டத்துக்கும் அறத்துக்கும் மாறானதாக ஆகிவிட்டது. எதனைச் சாத்துவது, எதனை விடுவது என்று ஐயுறும் அடியார்களுக்கு, இம்மணங்களின் பிறப்பையும் இயல்பையும் அறிந்தாலன்றித் தெளிவு பிறவாது.

பிறப்பிடத்தால் வரும் பகுப்பு

மணப்பொருள் கூட்டும் கலை நம் நாட்டில் மிகப் பழமையானது. ஆறாம் நூற்றாண்டினராகிய வராஹமிஹிரர் தம் பிருஹத் ஸம்ஹிதையில் ‘கந்தயுக்தி’ என்று ஓர் அத்தியாயமே வகுத்துள்ளார். பதினாறு மணப்பொருள்களிலிருந்து நான்கு நான்காகத் தேர்ந்தெடுத்தால் 1,820 கூட்டுகள் உண்டாகும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அளவுகளை மாற்றினால் அத்தொகை மேலும் பன்மடங்காகப் பெருகும். மணம் கூட்டுதல் கைப்பழக்கம் மட்டுமன்றி, கணக்கும் முறையும் உடைய ஒரு சாஸ்திரமாகவே விளங்கிற்று.

திருக்கோயில்களில் வழங்கும் மணப்பொருள்களை அவை பிறக்கும் இடத்தைக் கொண்டு பின்வருமாறு பகுத்துக் காணலாம். வெட்டிவேர் போல்வன வேரிற் பிறப்பவை. சந்தனமும் அகிலும் மரத்தின் வயிரத்திற் பிறப்பவை. சாம்பிராணியும் குங்கிலியமும் பிசின்கள். பச்சைக் கற்பூரம் மரத்தின் உள்ளே படியும் உப்புப் போன்ற மணிகள். துளசியும் தவனமும் மருவும் இலையால் மணப்பவை. மல்லிகையும் தாழையும் செண்பகமும் மலர்கள். குங்குமப்பூ மலரின் ஓர் உறுப்பு. ஏலமும் ஜாதிக்காயும் விதை, காய் வகையின. இலவங்கமோ விரியாத மொட்டு. இவற்றுக்கெல்லாம் புறம்பாக, கஸ்தூரியும் புழுகும் பிராணிகளின் உடலினின்று கிடைப்பவை. இக்கடைசி வகையைப் பற்றியே இன்று அடியார்களுக்கு ஐயம் மிகுதி.

முன் எழும் மணம், பின் தங்கும் மணம்

பிறப்பிடத்தைக் கருதாமல், மணம் செயற்படும் முறையைக் கொண்டு பகுப்பது மற்றொரு வழி. நறுமணத் தைலம் கூட்டுவோர் இதனையே பெரிதும் கைக்கொள்வர். முதலில் எழுந்து விரைவில் மறையும் மணம் ஒரு வகை. அதன்பின் தோன்றிச் சில நாழிகை நிற்பது ஒரு வகை. யாவும் அடங்கியபின்னும் நெடுநேரம் தங்குவது ஒரு வகை.

இதனை எவரும் எளிதில் சோதித்தறியலாம். ஒரு தட்டிலே சிறிது பச்சைக் கற்பூரமும், இரண்டு மல்லிகையும், ஒரு விரல் நுனியளவு அரைத்த சந்தனமும் வைத்தால், முதலில் மூக்கை எட்டுவது கற்பூரம். நேரம் செல்லச்செல்லக் கற்பூரம் அளவிற் குறைந்துகொண்டே வரும், மல்லிகை மேலோங்கும். மறுநாள் மல்லிகை வாடியிருக்கும்; உலர்ந்த சந்தனமோ நீர் தெளித்த அளவிலே மீண்டும் மணக்கும். நுண்துகள் எடை குறைந்ததாயின் விரைந்து ஆவியாகிறது. கனத்ததாயின் மெல்ல மெல்லவே பிரிகிறது. இதுவே காரணம்.

கனத்த மணத்துக்கு மற்றொரு தகுதியும் உண்டு. அது தானும் தங்கி, தன்னோடு சேர்ந்த இலேசான மணத்தையும் ஓடவிடாமற் பிடித்து நிறுத்தும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரில் அத்தர் வடிப்போர், செப்புப் பாண்டத்தில் மலரையும் நீரையும் இட்டுக் காய்ச்சி, மூங்கிற் குழல் வழியே வரும் ஆவியைச் சந்தனத் தைலம் உள்ள பாத்திரத்தில் இறக்குவது தொன்றுதொட்ட வழக்கம். கணநேரத்தில் ஓடிவிடும் மலரின் மணத்தைச் சந்தனம் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்கிறது. சாந்திலே பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சந்தனத்தோடு சேர்த்து அரைக்கப்படுவதும் இம்முறையையே ஒட்டியது. முன் எழுவதும் இடை நிற்பதும் பின் தங்குவதும் ஒரே கிண்ணத்தில் கூடும்பொழுது பரிமளம் நிறைவு பெறுகிறது.

சந்தனம்

மணப்பொருள்களுள் முதலிடம் பெறுவது சந்தனம். இம்மரம் பிற மரங்களைப் போல முற்றிலும் தன் வேரை நம்பி வாழ்வதன்று. மண்ணுக்குள்ளே அண்டைச் செடிகளின் வேர்களைத் தன் வேரால் பற்றி, அவற்றினின்றும் உணவு கொள்வது. பற்றுக்கோடு இல்லாத சந்தனக் கன்று செழித்து வளராது. மணம் முழுவதும் மரத்தின் நடுவே உள்ள வயிரத்திலும் வேரிலும் அடங்கியிருக்கிறது. புறத்தே உள்ள வெண்மையான பகுதிக்கு மணமில்லை. அவ்வயிரம் முற்றுவதற்குப் பல ஆண்டுகள் செல்லும்.

மைசூரில் 1792-இல் திப்பு சுல்தான் இதனை அரசுக்குரிய மரம் என்று அறிவித்தார். அங்கே 1916-இல் சந்தனத் தைல ஆலை நிறுவப்பட்டது. அரசுடைமை என்ற நிலை நெடுங்காலம் நீடித்தமையால், தம் நிலத்தில் தாமே முளைத்த சந்தனக் கன்றையும் வளர்க்கக் குடியானவர்கள் அஞ்சினர். காட்டில் திருட்டும் பெருகிற்று. கர்நாடகத்தில் 2001-ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் 2002-ஆம் ஆண்டிலும் செய்யப்பட்ட சட்டத் திருத்தங்களால், சொந்த நிலத்தில் வளரும் மரம் நிலத்துக்குரியவருடையது என்றாயிற்று. வெட்டுவதற்கும் விற்பதற்கும் உரிய விதிகள் வேறாக உள்ளன.

செஞ்சந்தனத்தைச் சந்தனம் என்று மயங்குவோர் பலர். சேஷாசலத் தொடர்களில் வளரும் செஞ்சந்தனம் வேறு குலத்து மரம். அதற்கு நிறமே சிறப்பு, சந்தனத்தின் மணம் அதற்கில்லை. பொடியாக விற்கப்படுவனவற்றில் வேறு மரத்தூளும் செயற்கை மணமும் கலந்திருத்தல் உண்டு. கட்டையைக் கல்லில் இழைத்து எடுக்கும் சாந்தே ஐயமற்றது. இழைப்பவரின் உழைப்பும் அதிற் சேர்ந்துவிடுதலின் அதுவே கைங்கரியமும் ஆகிறது.

ஸிம்ஹாசலத்தில் வராஹ நரஸிம்ஹப் பெருமான் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள்ளே எழுந்தருளியிருந்து, அக்ஷய திருதியை நாளில் மட்டுமே நிஜரூப ஸேவை ஸாதிக்கிறார். பின்னர் நான்கு தவணைகளாகச் சந்தனம் மீண்டும் சாத்தப்படுகிறது. வெயில் கடுமையாகும் காலத்தில் குளிர்ச்சி தரும் பொருளைச் சாத்துவதில், எம்பெருமானுக்கு வெம்மை தாக்குமோ என்று அஞ்சும் அடியாரின் பரிவு வெளிப்படுகிறது.

அகிலும் தூபமும்

அகில், சந்தனத்தினும் வியப்புக்குரியது. பழுதற்ற அகில் மரத்தை வெட்டிப் பார்த்தால் வெளிறிய, மணமற்ற மரமாகவே இருக்கும். காயம் பட்டோ வண்டு துளைத்தோ பூஞ்சை பற்றியோ மரம் நோயுறும்பொழுது, தன்னைக் காத்துக்கொள்ள அது கரிய பிசினைச் சுரக்கிறது. அப்பிசின் ஊறிய கட்டையே அகில். நமது நாட்டில் அஸ்ஸாம் முதலிய வடகிழக்குப் பகுதிகளில் இம்மரம் வளர்கிறது. எந்த மரத்தின் உள்ளே பிசின் உண்டு என்பது வெளியே தெரியாமையால், தேடுவோர் பல மரங்களை வீணே வெட்டிச் சாய்த்தனர். ஆகவே அகில் வாணிகம் 1995 முதல் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துள்ளது. இப்பொழுது தோட்டங்களில் மரத்தை வளர்த்து, வேண்டுமென்றே துளையிட்டுப் பிசினை உண்டாக்குகின்றனர்.

காவிரிப்பூம்பட்டினத்தின் வீதிகளிற் குவிந்த பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, மேற்கு மலையிற் பிறந்த சந்தனத்தையும் அகிலையும் சேர்த்தே எண்ணுகிறது. அகில் தன் மணத்தை முழுவதும் வெளியிடுவது கனலில் இட்டபொழுதே. ஆகையால் அது தூபத்துக்கு உரியதாயிற்று. சாம்பிராணியும் குங்கிலியமும் அவ்வாறே புகைக்கு ஏற்றவை.

பச்சைக் கற்பூரமும் சூடமும்

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமையால் வரும் பிழை சிறிதன்று. பச்சைக் கற்பூரம் என்று முன்னோர் கொண்டது, ஸுமத்ரா, போர்னியோ தீவுகளில் வானளாவ வளரும் ஒரு மரத்தின் வெடிப்புகளில் படியும் மணிகளை. ஸுமத்ராவின் பாரூஸ் என்னும் துறை இதற்குப் பெயர்பெற்றது. அதனை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினரின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அது கி.பி. 1088-ஆம் ஆண்டினது. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் கற்பூர வகைகளைத் தொகுத்துரைக்கும்பொழுது, அத்துறையின் பெயரால் வாரோசு என்பதனையும், சீனச்சூடன் என்பதனையும் தனித்தனியே எண்ணுகிறார். இரண்டும் வேறு என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்ததே.

சூடம், சீனம், ஜப்பான், தைவான் பகுதிகளில் வளரும் மற்றொரு மரத்திலிருந்து முற்காலத்தில் வடிக்கப்பட்டது. இன்று ஆரத்திக்கு ஏற்றப்படும் சூடம் பெரும்பாலும் ஊசியிலை மரங்களின் தைலத்திலிருந்து ஆலைகளில் ஆக்கப்படுவது. அது எரிப்பதற்கு மட்டுமே உரியது. உட்கொண்டால் நஞ்சாகும், சிறு குழந்தைகளுக்குச் சிறிதளவே வலிப்பை உண்டாக்கிவிடும். ஆகவே இல்லத் திருவாராதனத்தில் தீர்த்தத்துக்குச் சூடத்தைச் சேர்த்தல் ஒருகாலும் கூடாது. பச்சைக் கற்பூரம் என்ற பெயரால் கிடைப்பவை யாவும் அம்மரத்தினின்று வந்தவை அல்ல என்பதனையும் நினைவிற் கொள்ளவேண்டும். உண்ணத்தக்கது என்று உறுதி உள்ளதனையே, அதுவும் கடுகளவே, ஏலம் இலவங்கத்தோடு தீர்த்தத்திற் கூட்டலாம். ஐயமுள்ள இடத்தில் துளசி ஒன்றே போதும்.

திருமலையில் திருவேங்கடமுடையானின் திருமோவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தப்படுவது உலகறிந்தது. எம்பெருமானாரின் நியமனத்தால் அங்கு நந்தவனம் அமைத்த அனந்தாழ்வான், மண் சுமக்கத் துணைவந்த சிறுவன்மீது கடப்பாரையை வீச, அந்தக் காயம் மூலவரின் திருமோவாயிற் காணப்பட்டது என்றும், அதற்கு மருந்தாகப் பச்சைக் கற்பூரம் சாத்தப்பட்டது என்றும் பெரியோர் கூறுவர். அக்கடப்பாரை இன்றும் திருமலைப் பெருவாயிலில் தொங்குகிறது. அங்கே மணம், அழகுக்காக வந்ததன்று. ஓர் அடியவன் தன் கையால் நேர்ந்த புண்ணை ஆற்ற இட்ட மருந்தாக வந்தது.

மலரும் இலையும் வேரும்

குங்குமப்பூ என்பது முழு மலரும் அன்று. ஊதா நிற மலரின் நடுவே நிற்கும் மூன்று செந்நிற இழைகளே அது. காஷ்மீரத்துப் பாம்பூரில் விடியற்காலையில் மலர்களைப் பறித்து, இழைகளைக் கையாற் பிரித்து உலர்த்துகின்றனர். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலக்கம் மலர்கள் வேண்டும். அதன் மணம் உலரும்பொழுதே முதிர்கிறது. விலை மிகுதியாதலின் கலப்படமும் மிகுதி. நல்ல இழை நீரில் இட்டவுடன் நிறத்தை முற்றும் இழந்துவிடாது. மெல்ல மெல்லப் பொன்னிறத்தைக் கசியும்.

மல்லிகை பறித்தபின்னும் மணத்தை உண்டாக்கிக்கொண்டேயிருக்கும் மலர். அதனாலேயே காலையில் பறித்த மொட்டு மாலையில் மாலையாகி விரியும்பொழுது சந்நிதி முழுவதும் கமழ்கிறது. மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. தவனம் உலர்ந்தபின்னும் மணம் மாறாதது. காஞ்சியில் தேவப்பெருமாளுக்கு அதன் பெயராலேயே ஓர் உத்ஸவம் நடைபெறுகிறது. வெட்டிவேர், நீரிற் பட்ட அளவிலே மழை பெய்த மண்ணின் மணத்தை நினைவூட்டுவது. கோடையில் பந்தலுக்கும் திருமஞ்சன நீருக்கும் உகந்தது.

இவை யாவற்றினும் மேலானதாக எம்பெருமான் திருவுள்ளத்துக்கு இசைந்தது திருத்துழாய். அதற்கு விலையில்லை; மாடத்தில் ஒரு செடி இருந்தாற் போதும். நுகர்ந்த மலரைச் சாத்தலாகாது என்பது விதி. அவ்விதிக்கு மேற்பட்டு நின்றவள் சூடிக்கொடுத்த நாச்சியார் ஒருத்தியே.

கஸ்தூரியும் புழுகும்

கஸ்தூரி, இமயமலைச் சாரலில் வாழும் ஆண் கஸ்தூரி மானின் உந்திக்கு அருகேயுள்ள ஒரு பையிற் சுரப்பது. பை சிறிது, அதற்காக மான் கொல்லப்பட்டது. கண்ணியில் அகப்படும் மான் ஆணா பெண்ணா என்று கண்ணிக்குத் தெரியாதாகையால், பையில்லாத பெண்மான்களும் குட்டிகளும் மாண்டன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இம்மானை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. இதனைக் கொல்வதும் இதன் கஸ்தூரியை விற்பதும் குற்றம்.

புழுகு அல்லது புனுகு, புனுகுப் பூனையின் வாலடிச் சுரப்பியினின்று கிடைப்பது. ஆண், பெண் இரண்டிலும் சுரக்கும். காட்டில் அப்பிராணி தன் எல்லையைக் குறிக்கக் கல்லிலும் கொம்பிலும் உரசிச் செல்வது இயல்பு. சிறு கூண்டில் அடைத்து, அடிக்கடி பற்றிச் சுரண்டி எடுக்கும் முறையிலே அப்பிராணி மிகவும் வருந்துகிறது. இதுவும் அதே சட்டத்தாற் காக்கப்படுவது. திருமலையில் வெள்ளிக்கிழமைத் திருமஞ்சனத்தின்பின் புழுகுகாப்புச் சாத்துதல் தொன்மையான வழக்கம். கோயில் வழக்கங்கள் ஆகமத்துக்கும் அரசின் அனுமதிக்கும் உட்பட்டு நடைபெறுபவை. அவற்றைப் பற்றி முடிவு கூறுதல் ஆகம விற்பன்னர்க்கே உரியது. இல்லத்தில் திருவாராதனம் செய்வோரும், உத்ஸவத்துக்குப் பரிமளம் வாங்கி அளிக்க விழைவோரும் செய்யத்தக்கது யாது என்பதே இங்கு எண்ணுதற்குரியது.

கடைகளில் கஸ்தூரி என்று விற்கப்படுவது பெரும்பாலும் செயற்கை மணம். கஸ்தூரி, புழுகு இவற்றின் மணத்துக்குக் காரணமான பொருள்களின் அமைப்பை 1926-இல் ருஜிச்கா என்னும் வேதியியல் அறிஞர் கண்டு வெளியிட்டார். அதன்பின் மானின்றியே மணம் ஆக்கும் வழிகள் பெருகின. செடியிலும் இம்மணம் உண்டு. கஸ்தூரி வெண்டை என்றும் லதாகஸ்தூரி என்றும் வழங்கும் செடியின் விதையைக் கசக்கினால் கஸ்தூரியை ஒத்த மணம் எழும். எவ்வுயிரையும் துன்புறுத்தாமல் கிடைப்பது அது.

பட்டர் காட்டிய நெறி

கஸ்தூரி இல்லையேல் ஆராதனம் குறையுடையதாகுமோ என்ற ஐயத்துக்கு, நம்பிள்ளையின் ஈட்டில் காணும் ஓர் ஐதிஹ்யம் விடை தருகிறது. திருவாய்மொழி முதற்பத்தின் ஆறாம் திருவாய்மொழியில், எம்பெருமானை ஆராதிக்க நீரும் புகையும் பூவுமே அமையும் என்னும் கருத்தை ஆழ்வார் அருளிச்செய்கிறார். அதற்குப் பொருளுரைத்த பராசர பட்டர், இன்ன புகை என்றும் இன்ன பூ என்றும் ஆழ்வார் வரையறுக்கவில்லை; ஆதலின் எந்தப் புகையும் எந்தப் பூவும் அவனுக்கு ஆகும்; கண்டகாலி என்னும் முட்செடியின் பூவும் ஆகும் என்றார். உடனிருந்த நஞ்சீயர், அப்பூவைச் சாத்தலாகாது என்று சாஸ்திரம் விலக்கியிருக்கிறதே என்று விண்ணப்பித்தார். பட்டர் அருளிய விடை, அப்பூ எம்பெருமான் திருமேனிக்கு ஆகாது என்பதால் விலக்கப்படவில்லை. பறிக்கும் அடியார்களின் கையில் முள் தைக்குமே என்று விலக்கப்பட்டது என்பது.

விதியின் உள்ளே இருக்கும் திருவுள்ளத்தை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. ஒரு பூவின் தகுதி, அதன் மணத்தாலோ நிறத்தாலோ விலையாலோ முடிவு செய்யப்படவில்லை. அதனைக் கொண்டுவரும் கை நோகுமா என்பதே அங்கு அளவுகோலாயிற்று.

பட்டர் கூறியது அடியார் கையைப் பற்றியே. காட்டு மானைப் பற்றியதன்று என்று ஒருவர் ஆக்ஷேபிக்கக்கூடும். உண்மையே. ஆயினும் சேதனமும் அசேதனமும் யாவும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது நம் ஸித்தாந்தத்தின் உயிர்நிலை. மானின் உள்ளே அந்தர்யாமியாக நிற்பவனும் அர்ச்சையாய் எழுந்தருளியிருப்பவனும் ஒருவனே. அடியவன் கையில் முள் தைப்பதனையும் பொறாதவன், தன் பொருட்டு ஒரு பிராணி கண்ணியில் துடிப்பதனை உகப்பான் என்று கொள்ளுதல் எவ்வாறு பொருந்தும்? வாங்குவோர் இல்லையேல் கண்ணி வைப்போரும் இலர். பட்டரின் வார்த்தையைக் கஸ்தூரிக்கும் கூண்டிற் சுரண்டிய புழுகுக்கும், திருடி வெட்டிய சந்தனத்துக்கும் நீட்டிக் காண்பது அவர் திருவுள்ளத்துக்கு மாறாகாது.

ஒரு திரவியம் கிடையாதபொழுது அதற்கு ஈடாக மற்றொன்றைக் கொள்ளுதலும், அதுவும் இல்லையேல் மனத்தால் ஸமர்ப்பித்தலும் ஆராதன முறையில் இடம்பெற்றவை. கஸ்தூரிக்கு ஈடாக லதாகஸ்தூரி உண்டு. அகிலுக்குச் சாம்பிராணி உண்டு. முறையாகப் பெற்ற சிறு சந்தனக் கட்டை ஒன்று ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைமுறைக்குப் போதும். எல்லாவற்றுக்கும் ஈடாகத் திருத்துழாயும் தூய நீரும் உண்டு.

நறுமணங்களின் வகைகளை அறிவதன் பயன், விலையுயர்ந்ததனைத் தேடிப் பெறுவதில் இல்லை. எது எங்கே பிறந்தது, எவர் கையால் வந்தது, வரும் வழியில் எவ்வுயிரை நோவித்தது என்று ஆராய்ந்து, நோவில்லாததனைத் தேர்ந்து ஸமர்ப்பிப்பதில் உள்ளது. கூனியின் கிண்ணத்திலிருந்த சாந்தின் வகையை ஆராய்வோர் இலர். அவள் அதனை நீட்டிய அன்பையே உலகம் இன்றளவும் பேசுகிறது. இவ்வுத்ஸவ காலத்தில் சந்தனம் இழைப்போர், மாலை தொடுப்போர், தூபம் ஏந்துவோர் ஆகிய கைங்கரியபரர்கள் அனைவருடைய கைகளும் நோவின்றி, எம்பெருமான் திருவடிகளின் பரிமளம் பெற்று விளங்குக.